மந்திரித்த ரொட்டி

தருமபுரி ஆஸ்பத்திரிக் கட்டிலில் பிலோமினா கண் சொருகிக் கிடக்கிறாள். வயது பதினாலு, பார்த்தால் எட்டு. வளர்ச்சி ஹார்மோனைத் தூண்டும் மாத்திரையை வெறும் வயிற்றில் கொடுத்து, அது சுரக்கிறதா என்று அரை மணிக்கொரு தரம் ரத்தம் எடுக்கிறார்கள். மாத்திரைதான் அவளை மயக்குகிறது. ஜன்னல் வெயில் முழங்கை மடிப்பில் கன்றிய நீலத்தில் விழுந்து, உதட்டோரம் ஒட்டிய ரொட்டித்தூளில் மின்னுகிறது. நர்ஸின் ஊசி அந்தரத்தில் நிற்கிறது. “யாரு குடுத்தது? இனிப்பு உள்ள போனா ஹார்மோன் அடங்கிடும். இன்னிக்கு எடுத்த ரத்தமெல்லாம் வீண்.” அம்மா ராஜமேரிக்கு உச்சந்தலை வரை எரிகிறது. புருஷன் செபாஸ்டின் கையில், கோயில் நவநாள் ஜெபத்தில் மந்திரித்துக் கொடுத்த அந்தோணியார் ரொட்டியின் மிச்சம். சர்க்கரை விரல்களில் பிசுபிசுக்கிறது. “புள்ள தொவண்டு கெடந்தா. சாமி ரொட்டிதானே, சோறா குடுத்தேன்?” “பச்சத்தண்ணி தவிர ஒண்ணும் குடுக்காதீங்கன்னு சொன்னாங்கல்ல? காதுல என்னத்த வெச்சிருந்தீங்க?” அவள் பிடுங்கி எறிந்த ரொட்டி சுவரில் மோதி உதிர்கிறது. அவர் குனிந்து தூளைப் பொறுக்குகிறார். அதைப் பார்க்கப் பார்க்க அவளுக்கு இன்னும் ஆத்திரம் பொங்குகிறது. பிலோமினா மெல்ல எழுந்து உட்காருகிறாள். கால்கள் தரைக்கு எட்டாமல் தொங்குகின்றன. “அடுத்த தடவ நான் மட்டும் வரேன்,” என்கிறாள், இருவரையும் பார்க்காமல். “பஸ்ஸுல எனக்கு அரை டிக்கெட்டுதான்.”