பிரேக்கா, சும்மாவா?

முன்னால் போகும் கார் பிரேக் போடுகிறதா, சும்மா போகிறதா என்று பல்புக்காரருக்குத் தெரியவில்லை.

காலை எட்டரை மணி. மழை வெளுத்து வாங்கியது. வானம் இருட்டிக்கொண்டு நின்றதில் எல்லா வண்டிகளும் விளக்கைப் போட்டிருந்தன.

தெரியாததற்கு யாரையாவது திட்டலாம் என்றால் அதற்கும் வழியில்லை. அந்தப் பின் விளக்குகளுக்குப் பல்பு மாட்டியவரே அவர்தான். காரை ஓட்டுவது அவர் மனைவி.

நாற்பத்தாறு வயதில் ஓட்டக் கற்றுக்கொண்டவள். அவரிடம் இல்லை. இரண்டு நாள் அவர் சொல்லிக்கொடுத்தார். மூன்றாம் நாள் அவள் அவரோடு பேச்சை நிறுத்திவிட்டு டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தாள்.

இன்று முதல் முறையாகத் தனியாக ஆபீஸ் போகிறாள். "பின்னாடி கின்னாடி வந்தீங்க, அப்புறம் இருக்கு" என்று வாசலிலேயே சொல்லிவிட்டுத்தான் கிளம்பினாள்.

அவரும் தலையை ஆட்டினார். மனசு கேட்டால்தானே. கடை வேனை எடுத்துக்கொண்டு தெருமுனையிலிருந்தே பின்னால் வந்துகொண்டிருந்தார்.

எல்லாம் போன வருஷம் வாங்கிய இடியால் வந்த வினை. சிக்னலில் நின்றிருந்த காரைப் பின்னால் வந்த ஒருவன் மோதினான். இறங்கி வந்து, உங்க லைட்டே கண்ணுக்குப் படல சார் என்றான். ஓட்டிக்கொண்டிருந்த அவருக்கு ஒரு கீறல்கூட இல்லை. பக்கத்தில் உட்கார்ந்திருந்தவள் மூன்று மாதம் கழுத்தில் பட்டையோடு நடமாடினாள். கூப்பிட்டால் முழு உடம்பையும் திருப்பித்தான் பார்ப்பாள்.

பல்பு விற்கிறவன் வண்டியில் லைட் கண்ணுக்குப் படவில்லையாம். அது அவரை உள்ளுக்குள் அரித்துக்கொண்டே இருந்தது.

அதனால்தான் போன வாரம், அவள் குளிக்கப் போன நேரமாகப் பார்த்து, கடையிலிருந்ததிலேயே வெளிச்சமான இரண்டு பல்புகளைக் கொண்டுவந்து காரின் பின்னால் மாட்டினார். இனி ஒரு பயல் அப்படிச் சொல்ல முடியாது.

முடியாதுதான். இரண்டு அடுப்பு எரிகிற மாதிரி, சிவப்பு கண்ணைக் குத்தியது. மழைத் தண்ணீர் வழியும் கண்ணாடியில் அது பரவி, கார் எங்கே முடிகிறது, வெளிச்சம் எங்கே தொடங்குகிறது என்றே புரியவில்லை.

இதே பல்பைக் கேட்டு வருகிறவர்களைக் கடையில் நிற்க வைத்துப் பாடம் எடுக்கிறவர் அவர். பின் விளக்கு சும்மா எரியும்போது மங்கலாக இருக்க வேண்டும். பிரேக்கை மிதித்தால் பளிச்சென்று கூட வேண்டும். அந்தக் கூடுதலில்தான் பின்னால் வருகிறவன் உயிர் இருக்கிறது. "எப்பவும் கத்திக்கிட்டே இருக்கறவன் திடீர்னு காப்பாத்துன்னு கத்தினா எவன்யா திரும்பிப் பார்ப்பான்?" என்று கேட்டுவிட்டுப் பல்பை எடுத்து உள்ளே வைத்துவிடுவார்.

ஊருக்கெல்லாம் கிழிந்த வாய், சொந்த வீட்டு வாசலில் தைத்துக்கொண்டது.

நெருங்கினால் கண் கூசியது. விலகினால் நடுவில் வேறு வண்டி புகப் பார்த்தது. புகுந்தால் அவனுக்கும் பிரேக் தெரியாது. வலப்பக்கமிருந்து ஒரு டாக்சி மூக்கை நீட்டியபோது ஹாரனை அழுத்தியே அதை விரட்டினார். அவளை யாராவது இடிக்க வேண்டும் என்று தலையில் எழுதியிருந்தால், அதற்கு முன் தன் வேன் நடுவில் இருக்கட்டும்.

பிறகுதான் அந்த யாராவது தானாகவே இருக்கலாம் என்று உறைத்தது.

சாலை ரயில்வே கேட்டை நோக்கிச் சரிந்தது. தூரத்தில் கேட் இறங்கிக்கொண்டிருந்தது. முன்னால் சிவப்பு அப்படியே எரிந்தது. கூடவில்லை, குறையவில்லை.

பிரேக்கா? சும்மாவா?

சிவப்பு பெரிதாகிக்கொண்டே வருவது புரிந்தபோது, காலால் பிரேக்கை நசுக்கினார். வேன் கேட்கவில்லை. ஈரத்தில் வழுக்கிக்கொண்டே போனது. வாயிலிருந்து சாமி பெயர் வரவில்லை, அவள் பெயர்தான் வந்தது.

ஒரு சாண் இடைவெளியில் நின்றது.

அவருக்குப் பின்னால் வந்த லாரி மட்டும் பதறாமல், நாலு முழம் தள்ளியே நின்றது. வேனின் பின்னால் இருந்தவை சாதாரண பல்புகள்.

ஸ்டியரிங்கிலிருந்து கையைப் பிரிக்க முடியாமல் அவர் உட்கார்ந்திருந்தபோது, முன்னால் கார்க் கதவு திறந்தது. முதலில் ஒரு குடை, அப்புறம் அவள். நேராக வேனைப் பார்த்து வந்தாள்.

அவர் சட்டென்று குனிந்து, சீட்டுக்கு அடியில் எதையோ தேட ஆரம்பித்தார்.

கண்ணாடியைத் தட்டினாள். "தேடினது கிடைச்சுதா?"

"இல்ல... இந்தப் பக்கம் ஒரு கஸ்டமரு..."

"தெருமுனையிலேர்ந்து ஒரு வேன் ஒத்தக் கண்ணோட பின்னாடியே வருது. ஊருக்கெல்லாம் லைட்டு மாட்டிட்டு, தன் வண்டிக்கு மட்டும் ஒண்ணு எரியாம ஓட்டுற மனுஷன் வேற யாருங்க இருக்காங்க?"

அவர் அசடு வழிந்தார்.

அவள் கோபமாக இருப்பாள் என்று நினைத்தார். இல்லை.

"நேத்தே டிரைவிங் ஸ்கூல் மாஸ்டர் சொன்னாரு, இந்தப் பல்பு ஆபத்து, முதல்ல கழட்டுங்கன்னு. எனக்குத் தெரியாம அவ்வளவு ஆசையா மாட்டியிருக்கீங்க, கழட்ட மனசு வரல. அதான் பிரேக் போடுறப்பல்லாம் கைய வெளிய நீட்டி நீட்டிக் காட்டிட்டே வந்தேன். பார்த்தீங்கல்ல?"

குடை பிடித்துத்தான் நின்றாள். ஆனால் வலது கை மட்டும் தோள்வரை நனைந்து, முழங்கையிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

வழி நெடுக, அந்தக் கையை அவர் ஒரு தடவைகூடப் பார்த்திருக்கவில்லை.