பிரிக்காத தாள்

யுகேந்திரன் வீட்டில் புதுசாக வாங்கிய எதிலும் பிளாஸ்டிக்கைப் பிரிக்கும் வழக்கம் கிடையாது. ரிமோட்டும் சோபாவும் இன்னும் உறைக்குள்தான் இருந்தன. கேம் விளையாட அவனே பூட்டிய கம்ப்யூட்டருக்குள்ளும், பிராசசருக்கும் அதன் சூட்டை வாங்கிக்கொள்ளும் உலோகத் தட்டுக்கும் நடுவே, ஒரு பிளாஸ்டிக் தாள் அப்படியே தங்கிவிட்டது.

தட்டின் மேல் உட்கார்ந்திருந்த விசிறிக்கு இது தெரியாது. கேம் தொடங்கினால் போதும், பிராசசர் அழும்.

"வேகுது அண்ணே, இன்னும் கொஞ்சம் வீசுங்க."

விசிறி உயிரைக் கொடுத்துச் சுற்றும். ஒருநாள் தட்டிடம், "உனக்குச் சுடலையாப்பா?" என்று கேட்டது.

"எனக்குச் சில்லுன்னு இருக்கே."

விசிறிக்குச் சந்தேகம் வந்தது. "நடுவுல யாரு?"

"நான்தான்," என்றது தாள். "தட்டுல கீறல் விழாம பாத்துக்கறேன்."

"பிராசசர் செத்துடுவான். கொஞ்சம் நகரேன்."

"என்னை ஒட்டினது காவலுக்கு. எடுக்க வேண்டியவங்க எடுக்கட்டும்."

யுகேந்திரனிடம் சொல்ல விசிறிக்கு இருந்தது இரைச்சல் ஒன்றுதான். முழு மூச்சாக இரைந்தது. அவன் கம்ப்யூட்டரைத் திறந்தான். தூசி தட்டினான், காது கொடுத்துக் கேட்டான்.

"இந்த ஃபேன்தான் பிரச்சினை," என்று அதை மட்டும் கழற்றிக் குப்பைக்கூடையில் போட்டுவிட்டு, புதிய விசிறியை அதே தட்டின் மேல் பூட்டினான்.

கூடைக்குள் கிடந்த விசிறிக்குப் பிராசசரின் குரல் ஈனஸ்வரத்தில் கேட்டது.

"வேகுது தம்பி, கொஞ்சம் வீசுப்பா."

புதிய விசிறி உற்சாகமாகச் சுற்றத் தொடங்கியது. நடுவில் ஒருத்தன் இருக்கிறான் என்று பழைய விசிறி சொல்லப் பார்த்தது. கரண்ட் இல்லாத விசிறிக்குக் குரல் ஏது?