தூக்குக்குண்டு

மூன்று நாவல்கள் எழுதிவிட்டுக் கொத்து வேலைக்கு வந்த குணபாலன், முதல் வாரத்திலேயே மேஸ்திரி லூர்துசாமியின் காலுக்குப் பழகிவிட்டார். மேஸ்திரி தூக்குக்குண்டைத் தொங்கவிட்டுப் பார்ப்பார். நூலுக்கும் சுவருக்கும் நடுவே விரல் நுழைந்தால், சிமெண்டு இறுகுமுன் ஒரே உதை. "யோவ், இது சுவராய்யா? கள்ளு குடிச்சவன் நிக்கிற மாதிரி நிக்குது. மறுபடி கட்டு." நாவல்களை யாரும் அப்படி உதைத்ததில்லை, பொன்னாடைதான் போர்த்தினார்கள். ஒரு சுவராவது அந்தக் காலிடமிருந்து தப்ப வேண்டும் என்பதற்காகவே அவர் தினமும் வேலைக்கு வந்தார்.

ஐந்தாம் மாதம், கட்டடத்தைப் பார்க்க வந்த வீட்டுக்காரர் குணபாலனை அடையாளம் கண்டுகொண்டார். "மேஸ்திரி, இவரு யாருன்னு தெரியுமா?" என்று தொடங்கிக் கால் மணி நேரம் பேசினார்.

அன்று மாலை குணபாலன் கட்டிய சுவரில் குண்டு தொங்கியபோது இரண்டு விரல் நுழைந்தது. லூர்துசாமி நூலைச் சுருட்டிக்கொண்டார்.

"நல்லாயிருக்குங்க சார்."

"சாஞ்சிருக்கு மேஸ்திரி."

"பூச்சுல மறைச்சிரலாம் சார்."

குணபாலன் தானே ஓங்கி உதைத்தார். சுவர் சரிந்தது. இன்னும் கிளம்பாமலிருந்த வீட்டுக்காரர் அதைக் கைபேசியில் படம்பிடித்தார். "எழுதுறதையும் இப்படித்தான் அடிச்சு அடிச்சு எழுதுவாராம்" என்று மேஸ்திரியிடம் பெருமையாகச் சொன்னார். லூர்துசாமி தலையாட்டிவிட்டு, குணபாலனின் கையிலிருந்த கொத்துக் கரண்டியைப் பணிவாக வாங்கி வேறொரு கொத்தனாரிடம் கொடுத்தார். பிறகு நிழலில் ஒரு நாற்காலியைப் போட்டுத் துண்டால் தூசி தட்டினார்.

"நீங்க உக்காருங்க சார்."