காலிக் கட்டம்

மூன்றாவது முறையாக மடிக்கணினியைத் திறந்தான்.

பள்ளி அலுவலகத்தின் மர பெஞ்சு. பன்னிரண்டு மணிக்கு வாக்கெடுப்பு முடிகிறது.

அவனும் வேறு வேறு நாடுகளில் இருக்கும் பதினோரு பேரும் சேர்ந்து பராமரிக்கும் கணினி நிரல்மொழி பற்றிய வாக்கெடுப்பு அது. அந்த மொழிக்குப் புதிதாக ஒரு மதிப்பு வேண்டும் என்பது அவன் கட்சி. 'இல்லை' என்று சொல்ல ஏற்கெனவே ஒன்று இருக்கிறது. 'ஒன்றும் சொல்லவில்லை' என்பதற்குத் தனியாக ஒன்று. வேறு எதோடும் ஒட்டாதது.

இரண்டுக்கும் ஒன்றே போதாதா என்று ஒருவர் கேட்டிருந்தார்.

தட்டினான்: கடையில் ஒன்றும் சொல்லாமல் நிற்பவனும் 'வேண்டாம்' என்பவனும் ஒரே ஆளா?

அனுப்பிவிட்டு எழுந்து நடந்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான்.

எழுத்தர் செல்லக்கனி அம்மா கூப்பிட்டார். முப்பத்தோரு வருடமாக அதே நாற்காலி. மகளின் சேர்க்கை விண்ணப்பம் தயார், கையெழுத்துதான் பாக்கி.

சாதி என்ற கட்டத்தை அவன் காலியாக விட்டிருந்தான். மகளுக்கு அது வேண்டாம் என்று, வேண்டுமென்றே.

இப்போது அதில் உருண்டை உருண்டையான எழுத்தில் ஒரு பெயர். அவனுடைய சாதி.

"காலியா விட்டா மறந்துட்டீகன்னுதான தம்பி அர்த்தம்? வேண்டாம்னா 'இல்லை'ன்னுல்ல எழுதணும். கம்ப்யூட்டர் படிச்சவுக வேற."

பதினோரு பேருக்குப் பாடம் எடுத்தவன் அந்தக் கட்டத்தை மறுபடி படித்தான்.

எதைப் பார்த்து எழுதினீர்கள் என்றான். அவனும் இங்கே படித்தவன்தானே, அவன் விண்ணப்பத்தைப் பார்த்துத்தான் என்றார். கொஞ்சம் பெருமையாகவே. தூசி தட்டி, கட்டைப் பிரித்து நீட்டவும் செய்தார்.

அந்த ஒரு சொல்லைத் தன் விண்ணப்பத்தில் எழுதிக்கொடுத்ததற்காக, தன் கல்யாணத்தின்போது வந்த சண்டையில் அப்பாவை அவன் கேட்காத கேள்வியில்லை. அப்பா வாய் திறக்கவில்லை. ஒப்புக்கொள்கிறார் என்று எடுத்துக்கொண்டான்.

இருவரும் பேசி ஆறு வருடம்.

தாள் மஞ்சளாகியிருந்தது. பெயர், ஊர், பிறந்த தேதி எல்லாம் அப்பாவின் சாய்ந்த எழுத்து. கறுப்பு மை.

சாதிக் கட்டத்தில் மட்டும் நீலம்.

உருண்டை உருண்டையாக.

நிமிர்ந்தான். செல்லக்கனி அம்மா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

பேனா கேட்டான்.

கொடுத்தார். மகளின் தாளை அவன் பக்கம் நகர்த்தினார்.

அவன் அப்பா எழுதிய பழைய தாளை இழுத்தான், நீலச் சொல்லை அடிக்க.