பட்டியில் அடைத்த பசு

"மாதா உங்களுக்கு ஒரு குறையும் வைக்க மாட்டா ஐயா! நீங்க நல்லா இருக்கணும், உங்க புள்ளைங்க நல்லா இருக்கணும்!"

"போதும்மா. எனக்கு இன்னும் கல்யாணமே ஆகலை" என்றபடி பட்டிக் கதவைத் திறந்துவிட்டார் கான்ஸ்டபிள் லூக் ட்ரேசி.

ஹனோரா டூலன் அதைக் காதில் வாங்கவே இல்லை. வாழ்த்திக்கொண்டே வாளியோடு உள்ளே போனாள். போகிற போக்கில் துணியில் சுற்றிய இரண்டு சூடான உருளைக்கிழங்குகளை அவர் கையில் திணித்தாள்.

பாவம், நல்ல பெண். புருஷனைக் காய்ச்சல் கொண்டுபோயிற்று. மூன்று பிள்ளைகள். பழைய கிழங்கு தீர்ந்துகொண்டிருந்தது. புதுக்கிழங்கு தோண்ட இன்னும் நாள் ஆகும். ஒரே ஒரு கறுப்புப் பசுவின் பாலில்தான் வீடு ஓடிக்கொண்டிருந்தது. அவள் வாசற்படி கூட மிதிக்காத ஆங்கிலச் சபைக் கோயிலுக்கு, விளைச்சலில் பத்தில் ஒரு பங்கான தசமபாகம் கட்டவில்லை என்று அந்தப் பசுவையும் ஜப்தி செய்து பட்டியில் அடைத்துவிட்டார்கள். திங்கட்கிழமை ஏலம். அந்தக் கோயில் பாதிரியார் எங்கோ இங்கிலாந்தில் இருந்தார். இங்கே எல்லாம் அவருடைய காரியஸ்தர் ஹாட்னெட் வைத்ததுதான் சட்டம்.

பட்டிக்குள் மாடு குடிக்கத் தண்ணீர்த்தொட்டி கிடையாது. "ஓடைக்கு ஓட்டிப்போய்த் தண்ணி காட்டிட்டு வரட்டுமா ஐயா?" என்று முதல் நாள் ஹனோரா கேட்டபோது ட்ரேசி கூடவும் போகவில்லை, ஆள் அனுப்பவும் இல்லை.

"போயிட்டு வாம்மா. மாட்டை மடியில கட்டிக்கிட்டா ஓடிடப் போறே?" என்று சொல்லிவிட்டுக் கல்லில் உட்கார்ந்து புகையிலைக் குழாயைப் பற்றவைத்தார். சொன்னபடி அவள் திரும்பி வந்தாள். அன்றிலிருந்து தினமும் தண்ணீர் காட்டுவாள், பிறகு பட்டியின் கோடியில் வைத்துப் பால் கறப்பாள், வாளியைத் துணி போட்டு மூடி எடுத்துக்கொண்டு வாழ்த்தியபடியே போவாள்.

அன்று அவள் கறந்துகொண்டிருந்தபோது குதிரையில் வந்து இறங்கினார் ஹாட்னெட்.

"என்னய்யா இது? ஜப்தி மாட்டுக்கிட்ட அவளை எதுக்கு விட்டே?"

"புள்ளைங்களுக்குப் பால் கறக்கறா ஐயா."

"நல்லா இருக்கு கதை! தள்ளு, நான் மாட்டைப் பார்க்கணும்."

ட்ரேசி நகரவில்லை. "உள்ளே முழங்கால் சேறு. புது பூட்ஸு பாழாயிடும் ஐயா. அதுவும் கறக்கும்போது யாராவது கிட்டப் போனா மாடு உதைக்கும்."

ஹாட்னெட் தன் பூட்ஸைப் பார்த்தார். பிறகு பட்டிக்குள் கேட்கும்படி கத்தினார். "கறந்துக்கோ, கறந்துக்கோ! திங்கட்கிழமைக்கு அப்புறம் அது எங்க தொழுவத்துல இருக்கும்!"

ஹனோரா தலையைத் தூக்கவே இல்லை. கல்நெஞ்சக்காரன், வேறென்ன சொல்ல?

திங்கட்கிழமை ஊரே பட்டி முன் கூடிவிட்டது. ஏலம் கேட்க அல்ல, ஏலம் கேட்காமல் இருக்க. தசமபாக மாட்டை வாங்கினவன் வீட்டில் அப்புறம் யார் பச்சைத் தண்ணீர் குடிப்பார்கள்? எல்லோரும் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார்கள்.

"யாருக்கும் வாய் இல்லையா?" என்றார் ஹாட்னெட். "சரி, பாதிரியார் பேர்ல நானே எடுக்கறேன். நாளைக்கு எவனும் வந்து வழக்குப் பேசக் கூடாது. இது இந்த டூலன் பொம்பளையோட மாடுதானே? எல்லாரும் சொல்லுங்க!"

"அவ மாடுதான்!" என்றது ஊர், ஒரே குரலில்.

ஏலம் முடிந்தது. ஹனோரா கண்ணைத் துடைத்துக்கொண்டு ட்ரேசியிடம் வந்து, "ரொம்ப நன்றி ஐயா" என்றாள்.

"கயித்தை இறுக்கிப் பிடிடா. புது இடம், முரண்டு பண்ணும்" என்று ஹாட்னெட் வேலைக்காரனை விரட்டினார்.

மாடு முரண்டு பண்ணவில்லை. வேலைக்காரனை இழுத்துக்கொண்டு தெருவில் வேகமாக நடந்தது. கோயிலைத் தாண்டியது. யாரும் திருப்பாமலே பாதிரியார் வீட்டு வாசலில் திரும்பியது. நேரே தொழுவத்துக்குப் போய், மூன்றாவது இடத்தில் நின்றுகொண்டு வைக்கோலை இழுத்தது.

உள்ளேயிருந்து பால்காரப் பெண் பெக் அலறிக்கொண்டு ஓடி வந்தாள். "அடி ஃபிளாரா, என் கறுப்பி! எங்கடி போயிருந்தே? ஓடையோரம் மேய்ஞ்சவளை வெள்ளம் கொண்டுபோச்சுன்னு பயந்து, காரியஸ்தர்கிட்ட சொல்லக்கூட இல்லையே நான்!"

பின்னாலேயே வந்த ஊர் விழுந்து விழுந்து சிரித்தது. ஹாட்னெட்டின் முகம் பீட்ரூட் ஆயிற்று. விடுவிடுவென்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். ஊர் முன்னால் அவரே கேட்டு வாங்கிய சாட்சி; இனி யாரிடம் போய் என்ன சொல்வார்?

கூட்டம் கலைந்ததும் ட்ரேசி ஹனோராவை நோக்கி வந்தார்.

"உன் பசு எங்கே?"

"மலைக்கு அந்தப் பக்கம்... எங்க அக்கா வீட்டுல ஐயா."

"புள்ளைங்களுக்குப் பால்?"

"அக்கா தினமும் கொண்டாந்து குடுக்கறா. நீங்க என்னை நம்பி ஓடைக்கு விட்டீங்க, நான்தான் அங்கே மேய்ஞ்ச மாட்டை மாத்தி ஓட்டிட்டு வந்து உங்களை ஏமாத்திட்டேன்" என்று கும்பிட்டாள்.

ட்ரேசி சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "இன்னொரு தடவை மாத்தறதா இருந்தா, கறவை மாடாப் பார்த்து ஓட்டிட்டு வாம்மா. பால் வத்தின சினைமாட்டுக்கு அடியில வாளியை வெச்சுக்கிட்டு நீ தினமும் கறக்க, அந்த ஆளை வாசல்லயே நிறுத்தி வைக்கறதுக்குள்ள எனக்கு உயிரே போயிடுச்சு!"