உயிருள்ள பாதி

திரை கறுப்பாகவே நின்றது. மேல் மூலையில் மட்டும் ஒரு வரி இங்கிலிஷ்.

செல்வநாயகிக்கு அந்த வரி விளங்கவில்லை.

"பெட்டி எழும்புதில்லை, அம்மா," என்றான் தியாகராசா. யாழ்ப்பாணம் முழுக்கப் பேசப்பட்ட கொம்பியூட்டர் சாதகக்காரன் இவன்தான்.

புத்தூரிலிருந்து பஸ் ஏறி அவள் வந்தது ஒரேயொரு கேள்விக்காக. இராணுவச் சுற்றிவளைப்பில் கூட்டிக்கொண்டு போன மகன் தவநேசன் உயிரோடு இருக்கிறானா, இல்லையா?

முகாம் முகாமாக அலைந்தாயிற்று. ஊர்ச் சாத்திரியார் நல்ல மனிதர்தான். ஆனால் தாயின் முகத்தைப் பார்த்துப் பலன் சொல்லுகிறவர். இந்தப் பெட்டிக்கு முகமும் தெரியாது, தாட்சண்யமும் கிடையாது. பொய் சொல்லாது என்று நம்பித்தான் வந்தாள்.

வந்த இடத்தில் பெட்டி வாயைத் திறக்கமாட்டேன் என்கிறது.

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். பிள்ளையின் பெயரைக்கூட அவள் இன்னும் சொல்லவில்லை. அதற்குள் பதில் வந்துவிட்டதோ?

எழுந்து போய்விடலாமா? போனால் இந்தக் கறுப்பையும் அல்லவா வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும்.

"பயப்பிடாதேங்கோ அம்மா, பிழை என்னிலைதான். உள்ளுக்கிருக்கிற டிஸ்க் தட்டைக் காலமை ரெண்டாப் பிரிச்சுப்போட்டு, எல்லாத்தையும் திருப்பி ஏத்தினனான். எந்தப் பாதியிலையிருந்து எழும்பவேணும், எந்தப் பாதியிலை உயிர் இருக்கு எண்டு உதுக்கு நாங்கள்தான் சொல்லவேணும். சொல்ல மறந்துபோனன்."

"சொன்னால் கேக்குமோ?"

"ஓம், கேக்கும்."

மெல்லிய கறுப்புத் தகடு ஒன்றைச் செருகி எதையோ தட்டினான். தகட்டை உருவிவிட்டுப் பெட்டியை அணைத்துத் திரும்பப் போட்டான். உள்ளே விசிறி இரைந்தது. செல்வநாயகி கண்ணை மூடிக்கொண்டு நல்லூரானைக் கூப்பிட்டாள்.

கண்ணைத் திறந்தபோது திரையில் பன்னிரண்டு வீடுகளும் வெறுமையாகக் காத்திருந்தன.

பிறந்த நாளும் நேரமும் கேட்டான். பெற்றவளுக்கு அதை யோசிக்கவா வேண்டும்? பங்குனி மாதம், விடியற்காலை. ஒரே மூச்சில் சொல்லி முடித்தாள்.

பெட்டி யோசித்தது. பாவி, அவசரமில்லாமல் ஆறுதலாக இருந்து யோசித்தது.

"தீர்க்காயுசு, அம்மா! எழுபத்தெட்டு எண்டு போட்டிருக்கு. உங்கடை மகன் இருக்கிறார்!"

தன் சொந்தத் தமையனே திரும்பி வந்தது போல அவன் சிரித்தான். செல்வநாயகி சிரிக்கவில்லை.

"அந்த நேரத்திலை எனக்கு ரெண்டு பிறந்தது, தம்பி. ரெட்டைப் பிள்ளையள். மூத்தவனைப் போன மாசியிலை எரிச்சுப்போட்டம். அவனுக்கும் இதே சாதகம்தான்."

தியாகராசா விசைப்பலகையிலிருந்து கையை எடுத்தான்.

அவள் கதிரையை இழுத்துத் திரைக்குக் கிட்ட வந்தாள். விரலால் அந்த எழுபத்தெட்டைத் தொட்டாள்.

"எந்தப் பாதியிலை உயிர் இருக்கு எண்டு நாங்கள்தானே உதுக்குச் சொல்லவேணும்? சொல்லிவிடு, ராசா. தவநேசன் எண்டு சொல்லிவிடு."