கயிற்றுக்குள் ஒரு நாடு

இரண்டாம் வகுப்பில் அன்று காலை ஒரு நாடு பிறந்தது.

டீச்சர் தரையில் வட்டமாகக் கயிறு போட்டார். உள்ளே நின்ற எல்லோரும் குடிமக்கள். சட்டையில் குத்திக்கொள்ள ஆளுக்கொரு காகித பேட்ஜ். பேட்ஜ் இருப்பவர்கள் நாளை விழாவில் மேடையேறலாம். சுவரில் கொடி ஏறியது. வாயாடி தலைவரானாள்.

அப்போதுதான் ரெட்டைச்சடை வாசலில் வந்து நின்றாள். கயிற்றைத் தாண்டக் காலைத் தூக்கினாள்.

"ஏய், நில்லு! உனக்கு பேட்ஜ் இல்ல. நீ வெளிநாடு," என்றாள் வாயாடி.

டீச்சருக்குச் சிரிப்பு வந்தது. "பாவம், சேர்த்துக்கோங்க."

"நாடு ஆரம்பிச்சப்போ உள்ள இருந்தவங்கதான் குடிமக்கள்னு நீங்கதானே டீச்சர் சொன்னீங்க? சட்டம்னா சட்டம்தான்."

"சரி, ஓட்டுப் போடுங்க. இவளைச் சேர்த்துக்கலாம்னா கை தூக்குங்க."

ரெட்டைச்சடை மட்டும் கை தூக்கினாள்.

"வெளியாளுக்கு ஏது ஓட்டு?" என்றான் குண்டு. எல்லோரும் சிரித்தார்கள்.

பாடம் இவ்வளவு நன்றாகப் பதியும் என்று டீச்சரே எதிர்பார்க்கவில்லை.

"லேட்டா வந்தா இப்படித்தான்டி. எங்க ஊர் சுத்திட்டு வர்றே?" என்றார் டீச்சர்.

தூக்கிய கையை அவள் இறக்கவில்லை. முதுகுக்குப் பின்னால் இருந்த மறு கையை முன்னால் நீட்டினாள். பிடித்திருந்த பிரஷ்களிலிருந்து நீலத் தண்ணீர் சொட்டியது.

"நீங்கதானே டீச்சர் கழுவிட்டு வரச் சொன்னீங்க? அந்தக் கொடிய நான்தானே வரைஞ்சேன்."

டீச்சர் சுவரைப் பார்த்தார். கொடியில் நீலம் இன்னும் காயவில்லை.

"அது நாடு வர்றதுக்கு முன்னாடி," என்றாள் வாயாடி.